எய்தவன் இருக்க அம்பை நோவதேன்?

நிரல் எழுதத் தெரிந்த நண்பர் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்; பிழைகளில் இரண்டு வகை உண்டு என்பார். ஒன்று பேசும் பிழை. இன்ன கோப்பில், இன்ன வரியில், இன்ன தவறு என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு நிற்கும். மற்றொன்று ஊமைப் பிழை. திரையில் ஓடிக்கொண்டிருந்த சாளரம் சட்டென்று மறைந்து போகும். ‘செக்மென்டேஷன் ஃபால்ட்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் மிஞ்சும். எந்த வரி? யார் குற்றம்? விடை இல்லை. முதல் வகையைத் திருத்த ஒரு மணி நேரம் போதும். இரண்டாவது வகை வந்துவிட்டாலோ ஒரு வாரம் போய்விடும். சில வேளைகளில் ப்ராஜெக்டே போய்விடும்.

இந்த ஊமைப் பிழை எங்கே பிறக்கிறது? முழுக்க முழுக்கப் பைத்தானில் எழுதிய நிரலில் அது அரிது. இரண்டு மொழிகள் கைகோக்கும் இடத்திலேதான் அது பெரும்பாலும் பிறக்கிறது. குறிப்பாக, சாளரமும் பொத்தானும் பட்டியலும் வரைந்து தருகின்ற நூலகங்களோடு நம்முடைய பைத்தான் நிரல் வந்து சேரும் இடம் அதற்கு உகந்த வீடு. அங்கே நிரல் விழுந்தால் காரணம் காணும் கலையை நாம் கற்றுக்கொள்ளவில்லை, கல்லூரிகளும் கற்றுத்தரவில்லை. இரண்டு மொழிகளையும் தனித்தனியே படிக்கிறோம். அவை சேரும் மூட்டைப் படிப்பதில்லை. இந்தக் குறை நீங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சற்று விளக்கமாகப் பார்ப்போம். நார்வே நாட்டில் ஹாவார்ட் நோர்ட், ஐரிக் சாம்பே-எங் என்ற இருவர் 1991-ல் எழுதத் தொடங்கி 1995-ல் வெளியிட்ட க்யூட் என்னும் நூலகம் சி பிளஸ் பிளஸ் மொழியில் ஆனது. ஜிம்ப் என்ற படம் தீட்டும் நிரலுக்காகப் பிறந்த ஜி.டி.கே. நூலகம் சி மொழியில் ஆனது. பல்லாண்டு உழைப்பில் விளைந்த இவற்றைப் பைத்தானில் மறுபடியும் எழுதுவார் யார்? எழுதத்தான் வேண்டுமா? ஆகவே இடையில் ஒரு பிணைப்பைக் கட்டினார்கள். நாம் பைண்டிங் என்று வழங்குவது அதைத்தான். 1998-ல் ஃபில் தாம்சன் என்பவர் பைக்யூட் என்ற பிணைப்பை வெளியிட்டார். 2009-ல் நோக்கியா நிறுவனம் பைசைடு என்ற மற்றொரு பிணைப்பைத் தந்தது. இன்று நாம் பைத்தானில் பத்து வரி எழுதி, திரையில் தோன்றும் பொத்தானை அழுத்துகிறோம். அழுத்தியதை உணர்வதும் படத்தை வரைவதும் சி பிளஸ் பிளஸ். என்ன செய்ய வேண்டும் என்று ஏவுவது மட்டுமே பைத்தான்.

புதுச்சேரியில் டூப்ளேயிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிவைத்த நாட்குறிப்பு தமிழுக்குக் கிடைத்த அரிய செல்வம். துபாஷி என்றால் இரு மொழி அறிந்தவர். ஆனால், சொல்லுக்குச் சொல் மாற்றிக் கூறுவதோடு துபாஷியின் வேலை முடிந்துவிடுமா? சரக்கு யாருடையது, எந்த நேரத்தில் கை மாறுகிறது, கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்று இரு தரப்பின் வழக்கத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும். அதில் பிசகினால் இரு தரப்பும் நேர்மையாக நடந்தாலும் வியாபாரம் முறியும். பிணைப்பும் அப்படிப்பட்ட துபாஷிதான். சொல்லை மாற்றுவதில் அது தவறுவது அரிது. வழக்கங்கள் மாறுபடும் இடத்தில்தான் வழுக்கி விழுகிறது.

முதலாவது வழக்கு, சொத்து வழக்கு. க்யூட்டில் பெற்றோர், பிள்ளை என்ற முறை உண்டு. சாளரம் பெற்றோர், அதனுள் இருக்கும் பொத்தான் பிள்ளை. சாளரம் அழிந்தால் பொத்தானும் கூடவே அழியும். பைத்தானின் சட்டம் வேறு. ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அது கணக்கு வைத்திருக்கும். கணக்கு பூஜ்யமானால் பொருளை அப்புறப்படுத்திவிடும். ஒரே பொத்தானுக்கு இரண்டு சட்டங்கள்! சாளரம் அழிந்து, பொத்தானும் அழிந்த பிறகு, பைத்தானின் பக்கத்தில் அதன் பெயர் மட்டும் உயிரோடு இருக்கலாம். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இல்லை. நல்ல காலமாக, இத்தகைய சந்தர்ப்பத்தைப் பைக்யூட் பெரும்பாலும் கண்டுகொள்ளும். அடியில் இருந்த பொருள் அழிந்துவிட்டது என்று வாய்திறந்து சொல்லிவிடும். அது பேசும் பிழை; பிழைத்தோம்.

இதற்கு நேர்மாறான சந்தர்ப்பம்தான் பொல்லாதது. பைத்தான் தன் கணக்கின்படி ஒரு பொருளை அப்புறப்படுத்திவிடும். மறுபக்கமோ அதை இன்னும் நம்பிக்கொண்டிருக்கும். டிக்கின்டரில் படம் காட்ட முயன்றவர்கள் இதன் எளிய வடிவத்தை அறிவார்கள். ஒரு செயலுக்குள்ளே படத்தை உண்டாக்கி லேபிளில் வைத்தால், செயல் முடிந்ததும் படத்தைப் பிடித்திருக்கும் கை ஒன்றும் இல்லாமல் போகிறது. லேபிள் இருக்கும், படம் இருக்காது. அங்கே வெற்றிடம் தெரிவதோடு போயிற்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்பது இதுதான்.

க்யூட்டின் பட்டியல்களில் தலையே போகும். மரவடிவப் பட்டியல் ஒன்றைக் காட்ட நாம் மாடல் எழுதுகிறோம். கிரியேட் இண்டெக்ஸ் என்ற செயல் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அடையாளச் சீட்டு தருகிறது. அந்தச் சீட்டில் நம் பைத்தான் பொருளின் முகவரி மட்டுமே எழுதப்படும். பொருளை அது பிடித்துக்கொள்வதில்லை. கணக்கில் ஒன்றைக் கூட்டுவதும் இல்லை. நாமும் அந்தப் பொருளை வேறெங்கும் வைத்திராவிட்டால் பைத்தான் அதைத் துடைத்துவிடும். சீட்டு இருக்கும்; வீடு இடிந்திருக்கும். பிறகு எவரோ பட்டியலை மேலும் கீழும் உருட்டும்போது, நிரல் சீட்டைப் படித்து அந்த முகவரிக்குப் போய்ப் பாழ்நிலத்தில் விழுகிறது. விழுந்த இடமோ திரையில் எழுத்து வரையும் இடம். குற்றம் நடந்ததோ அதற்கு வெகு முன்பு, முற்றிலும் வேறொரு வரியில். எய்தவன் எங்கோ இருக்க அம்பை நொந்து பயன் என்ன?

இரண்டாவது வழக்கு, இழைகளைப் பற்றியது. திரெட் என்று பாடத்தில் படிக்கிறோமே, அதுதான். க்யூட்டின் சாளரங்களையும் பொத்தான்களையும் முதன்மை இழை மட்டுமே தொடலாம் என்பது கண்டிப்பான விதி. பெரிய கோப்பு ஒன்றைப் படிப்பதற்காக நாம் தனி இழை ஒன்றைத் தொடங்குகிறோம். அதிலிருந்தே லேபிளின் எழுத்தையும் மாற்றிவிடுகிறோம். நூறு முறை ஒன்றும் ஆகாது. நூற்றோராவது முறை, தேர்வாளர் எதிரே அமர்ந்திருக்கும்போது, நிரல் விழும்! சிக்னல் ஒன்றை அனுப்பி, முதன்மை இழையே எழுத்தை மாற்றும்படி விட்டிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது வழக்கு, விதிவிலக்குகளைப் பற்றியது. நாம் பைத்தானில் எழுதிய ஒரு செயலை க்யூட் தன் பக்கத்திலிருந்து கூப்பிடுகிறது. அதற்குள் ஒரு பிழை எழுகிறது. பைத்தானின் பிழை சி பிளஸ் பிளஸின் எல்லையைத் தாண்டி மேலே போக முடியாது. அந்த நாட்டில் அந்த நாணயம் செல்லாது. முன்பெல்லாம் பைக்யூட் பிழையை அச்சிட்டுவிட்டுத் தொடர்ந்து ஓடும். 2015-ல் வந்த 5.5 பதிப்பு முதல் நிரலையே நிறுத்திவிடுகிறது. கொடுமை என்று சிலர் குறைகூறினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உடைந்த நிலையில் ஓடிக்கொண்டே இருப்பதைவிட, உடைந்த இடத்திலேயே நிற்பது நல்லதன்றோ?

அம்பை நோகும் வழக்கத்தை உலகம் முழுவதும் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் ஐஃபோன்களில் நடந்ததை நினைவுபடுத்துகிறேன். 11.2.5 பதிப்பு ஓடிய கருவிகளில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து சேர்ந்தால், செய்தி காட்டும் செயலி அப்படியே விழுந்தது. வாட்ஸ்அப்பும் விழுந்தது; பிறவும் விழுந்தன. செயலியைக் குறை சொன்னவர்களும் உண்டு. பாவம், தெலுங்கு எழுத்தையே ‘ஆபத்தான எழுத்து’ என்று எழுதியவர்களும் உண்டு! கோடிக்கணக்கான மக்கள் அன்றாடம் எழுதும் எழுத்து என்ன குற்றம் செய்தது? எல்லாச் செயலிகளுக்கும் அடியில் இருந்து எழுத்துகளை வரையும் நூலகத்தில் இருந்தது குற்றம். பிப்ரவரி 19-ல் 11.2.6 பதிப்பு வந்ததும் தீர்ந்தது. இது மொழிப் பிணைப்பில் நேர்ந்த விபத்து அன்று. ஆயினும் பாடம் ஒன்றே: விழுகின்ற இடம் வேறு, காரணம் இருக்கும் இடம் வேறு.

இனி நம்மவர்கள் செய்யும் வைத்தியத்தைப் பார்ப்போம். ட்ரை, எக்செப்ட் போட்டுச் சுற்றிக் கட்டுவார்கள். செக்மென்டேஷன் ஃபால்ட் அந்த வலையில் விழாது. ஸ்லீப் போட்டு அரை வினாடி நிறுத்துவார்கள். பிழை போகாது, தள்ளிப்போகும். எல்லாப் பொருள்களையும் ஒரு பெரிய பட்டியலில் போட்டு என்றைக்கும் விடாமல் பிடித்துக்கொள்வார்கள். நிரல் விழாது, உண்மைதான். ஆனால் நினைவகம் நாளெல்லாம் வீங்கிக்கொண்டே போகும். வீட்டில் களவு போகிறது என்று வாசலையே சுவர் வைத்து அடைப்பதா? எந்தப் பொருளை, யார், எதுவரை பிடித்திருக்க வேண்டும் என்று அறிந்து பிடிப்பதுதான் மருந்து. அறியாமல் பிடிப்பது நோயை மறைக்கும் போர்வை.

‘நாளை ப்ராஜெக்ட் காட்ட வேண்டும், ஆராய்ச்சிக்கு நேரம் ஏது?’ என்று நண்பர்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நாம் எழுதும் நிரல் தேர்வாளரோடு முடிந்துவிடுவதில்லை. நாளை ஒரு மருத்துவமனை மேசையிலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ ஓடப்போவது இதே கைகள் எழுதும் நிரல்தான். வரிசையில் இரண்டு மணி நேரம் நின்ற மூதாட்டியின் விண்ணப்பத்தைத் தட்டச்சு செய்து முடிக்கும் தறுவாயில் சாளரம் மறைந்தால், ‘சிஸ்டம் டவுன், நாளைக்கு வாங்க’ என்ற ஒரு சொல்லில் அவர் திரும்பிப் போக வேண்டியதுதான். பிழையின் விலையை அதை எழுதியவர் கொடுப்பதில்லை. அதை நாம் மறக்கலாகாது.

மற்றும் சிலர், ‘இத்தனை தொல்லை எதற்கு? பிணைப்பே வேண்டாம், எல்லாவற்றையும் சி பிளஸ் பிளஸிலேயே எழுதுவோம்’ என்பார்கள். இதை நான் ஏற்கவில்லை. சொத்து வழக்கு அந்த மொழிக்குள்ளும் உண்டு. அதுவன்றி, பிணைப்பினால் விளைந்த நன்மையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பிரபு ராமச்சந்திரன் 2001-ல் மாயாவி என்ற நிரலை வெளியிட்டார். காற்றின் ஓட்டம் போன்ற விஞ்ஞானக் கணக்குகளைக் கண்ணுக்குப் படமாகக் காட்டும் நிரல் அது. படம் வரைய வி.டி.கே. என்ற சி பிளஸ் பிளஸ் நூலகம், சாளரத்துக்கு டிக்கின்டர், இரண்டையும் ஆட்டிவைக்கப் பைத்தான். ஒரு மாணவர் தனியாக உட்கார்ந்து முப்பரிமாணப் படம் வரையும் நூலகத்தை முதலிலிருந்து எழுதியிருந்தால் அவர் ஆராய்ச்சி என்னாகியிருக்கும்? பிணைப்பு இருந்ததனால் சென்னையில் பிறந்த ஒரு கருவி உலகெங்கும் விஞ்ஞானிகளின் மேசைக்குப் போயிற்று. மூட்டைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மூட்டை அறிய வேண்டும்.

எப்படி அறிவது? முதலில், நிரலைச் சுருக்குங்கள். ஐயாயிரம் வரியில் விழுவதை ஐம்பது வரியில் விழச் செய்துவிட்டால் பாதி வழக்கு முடிந்தது. அடுத்து, பைத்தானிலேயே இருக்கும் ஃபால்ட்ஹேண்ட்லர் என்ற பகுதியை இயக்குங்கள். 2012-ல் வந்த 3.3 பதிப்பு முதல் அது பைத்தானோடு வருகிறது. நிரல் விழும் தறுவாயில், ஒவ்வொரு இழையும் பைத்தானில் எந்த வரியில் இருந்தது என்று அது அச்சிடும், ஊமை பேசும். சி பக்கத்தில் நடந்ததைக் காண ஜி.டி.பி. இருக்கிறது. இறந்த பொருளைத் தொட்டது யார் என்று காட்ட வால்கிரைண்டு இருக்கிறது. ஜி.டி.கே. உபயோகிப்பவர்கள் ஜி-டீபக் என்ற சூழல் மாறியில் ‘ஃபேட்டல் வார்னிங்ஸ்’ என்று வைத்தால், முதல் எச்சரிக்கையிலேயே நிரல் நின்றுவிடும். அங்கே அம்பு இல்லை, எய்தவனே நிற்பான்.

ஒரு நுட்பத்தைத் தனியே சொல்ல வேண்டும். நண்பர் ஒருவர் ‘பிரின்ட் வரி ஒன்றைச் சேர்த்தேன், பிழை மாயமாய்ப் போயிற்று’ என்றால் நம்பிவிடாதீர்கள். ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளையமாய் நிற்கும் பொருள்களைப் பைத்தானின் குப்பை சேகரிப்பான் அவ்வப்போதுதான் துடைக்கும். புதிதாய்ப் பிறக்கும் பொருள்களின் எண்ணிக்கை ஒரு வரம்பைத் தாண்டும்போது அது வேலை தொடங்கும். ஒரு வரியைச் சேர்த்தால் அந்தக் கணம் இடம் மாறும். பிழையும் இடம் மாறும். இன்னும் ஒன்று: சேகரிப்பான் வேறு இழை ஒன்றில் விழித்துக்கொண்டு, அங்கிருந்தே சாளரப் பொருளைத் துடைத்துவிடவும் கூடும். ஆகவே சந்தேகப்படும் இடத்தில் சேகரிப்பானை நாமே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒளிந்திருக்கும் பிழை உடனே வெளிவந்து நிற்கும்.

இவற்றில் எது நம்மால் ஆகாதது? எதுவும் இல்லை. கற்பிப்பார் இல்லை என்பதே குறை. தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்களுக்கு ஒன்று நினைவிருக்கலாம். அங்கே 11-ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 12-ஆம் வகுப்பில் பைத்தான் என்று அமைந்த பாடத்திட்டத்தில், 2019-ல் வந்த 12-ஆம் வகுப்புப் பாடநூலில், சி பிளஸ் பிளஸ் நிரல்களைப் பைத்தானுக்குள் கொண்டுவருவது பற்றித் தனிப் பாடமே வைத்தார்கள். பாராட்ட வேண்டிய செயல். சிடைப்ஸ், ஸ்விக், பூஸ்ட் என்ற பெயர்களைப் பள்ளி மாணவர் காதில் போட்டார்கள். ஆனால் பயிற்சியில் என்ன நடக்கிறது? பைத்தான் நிரல், சி பிளஸ் பிளஸ் நிரலைத் தொகுத்துத் தனியே ஓடவிடுகிறது, அவ்வளவே. இரண்டு வீட்டார் கடிதம் எழுதிக்கொள்வது போன்றது அது. ஒரே கூரையின்கீழ் ஒரே பாத்திரத்தைப் பங்கிட்டு வாழும்போதுதான் சண்டை வரும். அந்த வாழ்க்கையைப் பாடம் தொடவில்லை. பள்ளிக்கு அது போதும். கல்லூரிக்குப் போதுமா?

ஆகவே என் யோசனை எளியது. ப்ராஜெக்ட் செய்யும் ஒவ்வொரு மாணவரும், விழுகின்ற நிரல் ஒன்றைப் பெற்று, அதைச் சுருக்கி, காரணம் கண்டு, ஒரு பக்க அளவில் எழுதித் தர வேண்டும். ஓடுகின்ற நிரலுக்கு மதிப்பெண் தருவதுபோல, விழுந்த காரணத்தைக் கண்டதற்கும் மதிப்பெண் தர வேண்டும். இன்று விழாமல் காட்டியவருக்கே புகழ். ஏன் விழுந்தது என்று அறிந்தவருக்கு ஒன்றும் இல்லை. இந்த அளவுகோல் இருக்கும்வரை ஸ்லீப் வைத்தியம் ஒழியாது.

ஆசிரியர்கள் செய்யட்டும் என்று நாம் காத்திருக்கவும் வேண்டாம். தில்லியில் வாய்ப்புக்குப் பஞ்சமில்லை. 2016-ல் பைகான் இந்தியா மாநாடு ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழக மாநாட்டு மண்டபத்தில் நடந்தது; 2017-ல் ஷஹீத் சுக்தேவ் வணிகக் கல்லூரியில் நடந்தது. ஜி.டி.கே. நூலகத்தை வளர்ப்பவர்களின் க்னோம் ஆசியா மாநாடும் 2016-ல் அருகில் உள்ள ஃபரீதாபாத்தில் நடந்தது. பிணைப்புகளைக் கட்டுகிறவர்கள் எட்டாத தேவர்கள் அல்லர். ஐம்பது வரி நிரலோடு தெளிவாக எழுதி அனுப்பினால் படிக்கிறார்கள்; திருத்துகிறார்கள். ‘உங்கள் நூலகம் சரியில்லை’ என்று ஒற்றை வரி எழுதினால் அவர்கள் என்ன செய்வார்கள்?

நம் சங்கமும் ஒன்று செய்யலாம். மாதம் ஒரு மாலை, விழுந்த நிரல்களை நடுவில் வைத்துத் தமிழிலேயே விவாதிப்போம். ஆங்கிலத்தில் மனப்பாடமாய் ஒப்பிக்கிற ஒன்றைத் தமிழில் சொல்ல முயலும்போதுதான், நமக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்பது நமக்கே தெரியவரும். ஒரு குறிப்பேடும் வைப்போம். ஒவ்வொரு விழுகைக்கும் ஐந்து கேள்விகள்: பொருள் எது? உண்டாக்கியது யார்? பிடித்திருப்பது யார்? விடுவது யார்? எந்த இழையில்? இந்த ஐந்துக்கும் விடை எழுத முடிந்தால் பிழை அகப்பட்டது என்றே கொள்ளலாம். மூத்தவர் எழுதிய பக்கம் அடுத்த ஆண்டு வரும் இளையவருக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தும்.

மாணவ நண்பர்களே, மொழிகள் சேருமிடத்தில் பிழை எழுவது இயற்கை. அதற்காக மொழியைப் பழிக்க வேண்டாம்; பக்கத்து வீட்டாரைப் பழிக்கவும் வேண்டாம். யார் பொருள், யார் பொறுப்பு என்று கேட்கப் பழகுவோம். கேள்வி சரியாக இருந்தால் விடை தொலைவில் இல்லை.